வீட்டை வாங்குகிறோம் என்று விடாமல் கூப்பிடுகிறவர்களை நிறுத்துவது எப்படி?

கேள்வி: 2025 செப்டம்பர் 6

டாலஸ் பக்கத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதை வாடகைக்கு விட்டுவிட்டு நியூ ஜெர்சியில் இருக்கிறேன். விற்கும் எண்ணமே இல்லை. ஆனால் 'ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்' என்று கால், டெக்ஸ்ட், வாய்ஸ்மெயில் ஓயாமல் வருகிறது. வீட்டு முகவரியைப் பிசகாமல் சொல்கிறார்கள், என் பெயரும் தெரிகிறது. என் நம்பர் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? போன வாரம் என் மனைவியின் போனுக்கும் வந்துவிட்டது. வியாபார அழைப்பு வேண்டாம் என்று பதிகிற டூ நாட் கால் பட்டியலில் எப்போதோ பதிந்தாயிற்று, பலன் இல்லை. ஒரு நம்பரை பிளாக் செய்தால் இன்னொன்றிலிருந்து வருகிறது. திட்டியும் பார்த்துவிட்டேன். இதிலிருந்து தப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செப்டம்பர் 6, இரவு

எனக்கும் டெக்சஸில் வீடு, குடியிருப்பது வேறு மாநிலத்தில். முழுக்க நிற்கவில்லை, ஆனால் இப்போது அபூர்வமாகத்தான் வருகிறது.

முதல் வேலை, திட்டுவதை நிறுத்துங்கள். கூப்பிடுகிறவர் பெரும்பாலும் வீடு வாங்கப்போகிற ஆளே இல்லை. மணிக்கூலிக்குப் பட்டியலைப் பார்த்து எண் போடுகிறவர். நீங்கள் கத்தினாலும் சரி, 'ராங் நம்பர்' என்று பொய் சொன்னாலும் சரி, 'இப்போதைக்கு இல்லை' என்று மரியாதையாகச் சொன்னாலும் சரி, அவர் திரையில் பதிவாவது ஒன்றுதான்: இந்த எண்ணில் ஆள் எடுக்கிறார். 'இப்போதைக்கு இல்லை' இருப்பதிலேயே மோசம். அப்படிச் சொன்னவர்களை மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவதற்கென்றே தனிப்பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 7

'என் நம்பர் எப்படிக் கிடைத்தது' என்று கேட்டிருக்கிறீர்கள். கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சி நிர்வாகம், உங்கள் நம்பரைக் கொடுப்பதில்லை. டெக்சஸில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மதிப்பீட்டு மாவட்டம் உண்டு, நாம் வருடா வருடம் வரி மதிப்பை எதிர்த்து மனு போடுகிறோமே, அதே அலுவலகம். அதன் இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டுப் பாருங்கள். உடைமையாளர் பெயர், வரி பில் போகிற அஞ்சல் முகவரி, மதிப்பு, கட்டிய வருடம் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உங்கள் பதிவில் வீட்டு முகவரி டாலஸ், அஞ்சல் முகவரி நியூ ஜெர்சி. இந்த இரண்டும் பொருந்தாத வீடுகளைத்தான் இந்தத் தொழிலில் முதலில் வடிகட்டி எடுக்கிறார்கள். வெளியூர் உடைமையாளர் என்றால் வீட்டின் மேல் பற்று குறைவு, வாடகைக்காரரோடு அல்லாடி அலுத்திருப்பார், பேரத்துக்கு மடங்குவார் என்பது கணக்கு. இதோடு வரி பாக்கி உள்ளவர்கள், வாரிசுரிமை வழக்கு நடப்பவர்கள், விவாகரத்து மனு போட்டவர்கள், வெகு காலம் ஒரே வீட்டை வைத்திருந்து கடன் தீர்ந்தவர்கள் என்று பட்டியல் மேல் பட்டியல் அடுக்குவார்கள். இரண்டு மூன்று பட்டியலில் ஒரே பெயர் வந்தால் அவருக்குத்தான் அதிக அழைப்பு.

பெயரும் முகவரியும் கையில் வந்த பிறகு ஸ்கிப் டிரேசிங். கடன் வசூலிக்கிறவர்கள் காணாமல் போனவரைத் தேடப் பயன்படுத்திய முறை இது. தரவுத் தரகர்களிடம் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் பழைய நம்பர், புது நம்பர், அதே வீட்டில் எப்போதாவது இருந்தவர்களின் நம்பர் எல்லாம் சில காசுக்கு வந்துவிடும். உங்கள் மனைவியின் போன் அடித்தது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். டெக்சஸில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதைப் பொதுப்பதிவில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் வந்த வேகத்தில் 'என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள்' என்று கேட்கிறார்கள். அவர்களிடம் இல்லாத ஒரே தகவல் அது. அதை நாமே வாயால் கொடுத்துவிடக் கூடாது.

செப்டம்பர் 7, சற்றுக் கழித்து

கீழே ஒருவர், தான் எப்போதும் ஒரு கோடி டாலர் என்று சொல்லி வைத்துவிடுவதாக எழுதியிருக்கிறார். படித்துச் சிரித்தேன். ஆனால் விலை சொல்கிறவர் பேச்சுக்கு வருகிறவர் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம்.

செப்டம்பர் 9

டூ நாட் கால் பட்டியல் ஏன் வேலை செய்யவில்லை? இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

1991இல் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2003இல் தேசிய டூ நாட் கால் பட்டியல் தொடங்கியது. பதிவு இலவசம், ஒருமுறை பதிந்தால் காலாவதி ஆகாது. பதிந்து 31 நாள் கழித்தும் வியாபார அழைப்பு வந்தால் புகார் செய்யலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரே நிறுவனத்திடமிருந்து ஒன்றுக்கு மேல் வந்தால் வழக்கே போடலாம். ஒவ்வொரு மீறலுக்கும் 500 டாலர் வரை, தெரிந்தே செய்தார்கள் என்று நீதிமன்றம் கருதினால் 1,500 வரை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டம் எதை வியாபார அழைப்பு என்கிறது? சொத்தையோ பொருளையோ சேவையையோ நம்மை வாங்கச் சொல்லி, வாடகைக்கு எடுக்கச் சொல்லி, அதில் முதலீடு செய்யச் சொல்லித் தூண்டும் அழைப்பு. நம் ஆட்கள் நம்மை எதையும் வாங்கச் சொல்வதில்லை. நம் வீட்டைத் தாங்கள் வாங்குகிறோம் என்கிறார்கள். 'நாங்கள் விற்கவே இல்லையே, பட்டியல் எங்களைக் கட்டுப்படுத்தாது' என்பதுதான் நீதிமன்றத்தில் அவர்களுடைய வாதம். டெக்சஸிலேயே ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2022இல் இதை ஏற்றது. மறு வருடம் இன்னொரு மாவட்ட நீதிமன்றம் ஏற்க மறுத்தது: வீட்டை விற்றுத் தருகிற வேலையைத் தாங்கள் செய்து, அதற்கான லாபத்தை விலையில் கழித்துக்கொள்கிறார்கள் என்றால் அதுவும் சேவை விற்பதுதான் என்ற பார்வை அது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. 'கமிஷன் இல்லை, ரிப்பேர் வேண்டாம், எல்லாக் காகித வேலையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று டெக்ஸ்டிலேயே எழுதுகிறார்களே, அது சேவை இல்லாமல் வேறென்ன?

அதனால் அந்த மாதிரி டெக்ஸ்ட் வந்தால் கோபத்தில் அழிக்காதீர்கள். அந்த ஒரு வரிக்காகவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

செப்டம்பர் 9, தொடர்ச்சி

விட்டுப்போன முக்கியமான விஷயம். பதிவு செய்த குரலில் வரும் அழைப்புக்கு மேலே சொன்ன சந்துபொந்து கிடையாது. செல்போனுக்கு, நம் சம்மதம் இல்லாமல், இயந்திரக் குரலிலோ முன்பே பதிந்த குரலிலோ கூப்பிடக் கூடாது என்பது சட்டத்தின் வேறு பிரிவு. அங்கே வாங்குகிறாரா விற்கிறாரா என்ற கேள்வியே எழாது. போன் அடிக்காமலே வாய்ஸ்மெயில் பெட்டியில் வந்து விழுகிறதே, 'ஹாய், பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், உங்கள் வீட்டைப் பார்த்தேன்' என்று குழைந்து பேசும் குரல், அதையும் அழைப்பாகத்தான் கருத வேண்டும் என்று கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையமான எப்.சி.சி. 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் குரலும் செயற்கைக் குரல்தான் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

ஆகவே உங்கள் வாய்ஸ்மெயிலில் இருப்பவற்றை ஒன்றையும் அழிக்க வேண்டாம். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு இருந்தால் அது ஆள் பேசியது அல்ல, பதிவு.

செப்டம்பர் 13

டெக்ஸ்டுக்கு 'ஸ்டாப்' என்று பதில் போடலாமா, போட்டால் எண் உயிரோடு இருப்பது தெரிந்துவிடாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவம்: வீட்டு முகவரியைச் சரியாகச் சொல்லி வரும் டெக்ஸ்டுக்குப் போடுங்கள். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல், முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம். மொத்தமாக டெக்ஸ்ட் அனுப்பும் மென்பொருள்கள் அந்தச் சொல்லைக் கண்டதும் அந்த எண்ணிலிருந்து உங்களுக்குப் போவதைத் தானாகவே நிறுத்திவிடும். 'தயவுசெய்து என்னை எடுத்துவிடுங்கள், நான் ஏற்கெனவே...' என்று பத்தி எழுதினால் இயந்திரத்துக்குப் புரியாமல் போகலாம். அதைப் படிக்கிற ஆள், பேசத் தயாராக இருப்பவர் கிடைத்தார் என்று சந்தோஷப்படுவார்.

இதில் சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. தானியங்கி அழைப்பு, டெக்ஸ்ட் அனுப்புகிறவர்களிடம் வேண்டாம் என்று எந்த நியாயமான வழியில் சொன்னாலும் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் ஸ்டாப் போட்ட தேதி திரையில் நிற்கும். அதற்குப் பிறகு அதே ஆட்கள் வந்தால் அது உங்களுக்குச் சாட்சி.

யார் என்றே தெரியாமல் லிங்க் மட்டும் வந்தால் கதை வேறு. தொடாதீர்கள், பதிலும் போடாதீர்கள். ஸ்பேம் புகாருக்கான 7726 என்ற எண்ணுக்கு அப்படியே பார்வர்டு செய்யுங்கள். எல்லாப் பெரிய போன் நிறுவனங்களிலும் இது இலவசம்.

'ஹாய், இது இன்னார்தானே?' என்று பெயர் மட்டும் கேட்டு வருவதற்கும் பதில் போடாதீர்கள். ஆமாம் என்றதும் இரண்டாவது டெக்ஸ்டில் வீடு வந்துவிடும்.

செப்டம்பர் 14

டெக்ஸ்ட் பற்றி நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஒன்று. டூ நாட் கால் பாதுகாப்பு டெக்ஸ்டுக்கும் உண்டு என்று எப்.சி.சி. விதியில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் எப்.சி.சி.யின் விளக்கத்துக்கு மாவட்ட நீதிமன்றங்கள் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு, டெக்ஸ்ட் 'கால்' ஆகுமா என்பதில் நீதிபதிகளே பிரிந்து நிற்கிறார்கள். டெக்சஸ் மாநிலம் தன் பங்குக்கு, செப்டம்பர் 1 முதல் தன் டெலிமார்க்கெட்டிங் சட்டத்தில் டெக்ஸ்டையும் சேர்த்துவிட்டது. வாங்குபவரா விற்பவரா என்ற சிக்கல் அங்கும் முழுக்கத் தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. வழக்கு வரை போகிற எண்ணமிருந்தால் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

செப்டம்பர் 20

தொல்லை என்ற அளவில் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் போன் இல்லை.

எங்களுக்குப் பழக்கமான ஒரு அக்கா. கணவர் தவறிய பிறகு வீடு அவர் பெயருக்கு மாற வேண்டி நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். மனு பதிவானதும் கால் வர ஆரம்பித்துவிட்டது. துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார்களாம். ஒருநாள் அவர் கூப்பிட்டு, 'தம்பி, ஒரு பையன் வந்து பேப்பர் கொடுத்துட்டுப் போயிருக்கான். கையெழுத்துப் போட்டா மட்டும் போதும்கிறான், நாம ஒரு பைசா கட்ட வேண்டாமாம். நீங்க ஒரு தடவை பார்த்துடுங்களேன்' என்றார். போனேன். சாப்பாட்டு மேசையில், மாத்திரை டப்பாவுக்கு அடியில் இரண்டே இரண்டு தாள். வாங்குபவர் என்ற இடத்தில் ஒரு கம்பெனிப் பெயர், அதையடுத்துப் பொடி எழுத்தில் 'அல்லது அவரால் நியமிக்கப்படுபவர்' என்று ஆங்கிலத்தில். முன்பணம் பத்து டாலர். பிடிக்கவில்லை என்றால் எந்தக் காரணமும் சொல்லாமல் அவர்கள் விலகிக்கொள்ள முப்பது நாள். அக்கா விலகிக்கொள்ள ஒரு நாள்கூட இல்லை.

'அக்கா, இவங்க வீடு வாங்க வரலை. இந்தப் பேப்பரை வாங்க வந்திருக்காங்க' என்றேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'உங்க அண்ணன் இருந்திருந்தா கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார்' என்று மட்டும் சொன்னார். கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, நல்லவேளை.

போட்டிருந்தால் என்ன ஆகும்? அந்த ஒப்பந்தத்தை வேறொருவரிடம் லாபத்துக்குக் கைமாற்றுவார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நழுவிவிடுவார்கள். அக்கா மனம் மாறினால், தங்களுக்கு இந்த வீட்டில் ஒப்பந்தம் இருக்கிறது என்று ஒரு குறிப்பைக் கவுண்டியில் பதிந்துவிடவும் கூடும். பிறகு வேறு யாருக்கு விற்கப் போனாலும் சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அந்தக் குறிப்பில் வந்து நிற்கும்.

செப்டம்பர் 20, பின்னிரவு

விலை எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தொழிலில் பரவலாகச் சொல்லும் கணக்கு 70 சதவீதம். பழுதெல்லாம் பார்த்த பிறகு வீடு 4,00,000 டாலர் போகும் என்று வையுங்கள். அதில் 70 சதவீதம் 2,80,000. ரிப்பேருக்கு 40,000 கழித்தால் 2,40,000. இடையில் நிற்பவரின் பங்கு 15,000 என்றால் உங்கள் காதில் விழும் விலை 2,25,000. ரிப்பேர் செலவைச் சொல்வதும் அவர்களே. இதே வீட்டை இருக்கிற நிலையிலேயே ஒரு ஏஜென்ட் வழியாகச் சந்தையில் போட்டால் கமிஷன் போக என்ன நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே போதும். அவசரப் பணம் தேவைப்பட்டு, தெரிந்தே குறைந்த விலைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. தெரியாமல் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

செப்டம்பர் 21

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. பென்சில்வேனியாவில் 2025 ஜனவரி முதல் இப்படி ஒப்பந்தத்தைக் கைமாற்றுகிறவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், விற்பவருக்கு ரத்து செய்யும் உரிமையும் உண்டு. நியூயார்க்கில் புரூக்ளினின் ஈஸ்ட் நியூயார்க் பகுதியில், என்னை அணுகாதே என்று வீட்டுக்காரர் மாநில அரசிடம் பதிந்தால் தரகர்கள் அவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். டெக்சஸில் 2017 முதல், கைமாற்றி விற்கிறவர் தன்னிடம் இருப்பது ஒப்பந்த உரிமை மட்டுமே என்று அடுத்து வாங்க வருபவரிடம் சொல்லியாக வேண்டும். அடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு. முதலில் கையெழுத்துப் போடும் அக்காவுக்கு?

வாங்குகிறேன் என்று சொல்லாமல், கொஞ்சம் ரொக்கம் தருகிறேன், பின்னால் விற்றால் என் வழியாக விற்றால் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. எம்.வி. ரியால்டி என்ற ப்ளோரிடா நிறுவனம் இப்படிச் சில நூறு, சில ஆயிரம் டாலர் கொடுத்து 40 வருட ஒப்பந்தம் வாங்கியதாக ப்ளோரிடா, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ், வட கரோலினா அரசு வழக்கறிஞர்கள் 2022 இறுதியிலும் 2023இலும் வழக்குப் போட்டார்கள். பெற்றோரைத் தனியாக விட்டு வந்திருப்பவர்கள் இதைப் போனில் ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

செப்டம்பர் 28

சரி, நான் செய்து பலன் கண்டவை. மதிப்பீட்டு மாவட்டத்தில் அஞ்சல் முகவரியை மாற்றினேன். படிவம் இலவசம், தபால் பெட்டி முகவரி கொடுக்கலாம். வரி பில் அங்கேதான் வரும் என்பதால் அந்தப் பெட்டியைப் பார்க்கத் தவறக் கூடாது, தவறினால் அபராதம். இந்த மாற்றம் பழைய பட்டியல்களைத் தொடாது, புதிதாக எடுக்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் முட்டுக்கட்டை. வாடகை விளம்பரம், பிளம்பர், வீட்டு உரிமையாளர் சங்கம் என்று அந்த வீடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் இரண்டாவது நம்பர் ஒன்று வைத்துக்கொண்டேன். அதில் வருவது எல்லாம் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும்.

ஆள் தேடும் தளங்களிலிருந்து பெயரை எடுத்ததுதான் அதிக வேலை, அதிகப் பலனும்கூட. ஒயிட்பேஜஸ், ஸ்போக்கியோ போன்றவற்றில் நீக்கக் கோரும் பக்கம் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகப் போக வேண்டும். சில மாதத்தில் திரும்ப முளைக்கும், திரும்ப எடுக்க வேண்டும். மனைவி பெயரையும் சேர்த்துச் செய்யுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கமாக உள்ளே வருவார்கள்.

போனில்: ஐபோனில் இந்த மாதம் வந்த ஐஓஎஸ் 26 மென்பொருளில், தெரியாத எண்ணிடம் பெயரும் காரணமும் கேட்ட பிறகுதான் நமக்கு மணி அடிக்கும்படி வைக்கலாம். பிக்சல் போன்களில் இந்த வசதி முன்பே உண்டு. பட்டியல் பார்த்துக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே வைத்துவிடுவார். வாடகைக்காரர் நம்பரை மட்டும் மறக்காமல் சேமித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 19

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். டெக்ஸ்ட் வெகுவாகக் குறைந்துவிட்டதாம். ஒரே ஒரு கூட்டம் மட்டும் ஸ்டாப் போட்ட பிறகும் எண்ணை மாற்றி மாற்றி, அதே பதிவுக் குரலில் வாய்ஸ்மெயில் போடுகிறது.

இப்படி ஒருவரிடம் மட்டும், ஒரே ஒரு தடவை, எடுத்துப் பேசலாம். விற்க விருப்பம் இருக்கிற மாதிரி நடிக்க வேண்டாம், அது பின்னால் உங்களுக்கே எதிராகத் திரும்பும். கம்பெனியின் முழுப் பெயர், அஞ்சல் முகவரி, இணையதளம் மூன்றையும் கேளுங்கள். இனி தொடர்புகொள்ளக் கூடாது என்று எழுத்தில் அனுப்ப வேண்டும், அதற்கு முகவரி வேண்டும் என்று உள்ளதைச் சொல்லிக் கேட்டபோது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்காமல் வைத்துவிட்டால், வாய்ஸ்மெயிலில் சொல்லும் பெயரை டெக்சஸ் மாநிலக் கம்பெனிப் பதிவில் தேடுங்கள், பதிவு முகவர் (கம்பெனி சார்பில் சட்டக் கடிதங்களைப் பெறுபவர்) யார், முகவரி என்ன என்பது கிடைக்கும். அந்த முகவரிக்கு ரசீதுடன் கூடிய பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம்: உங்கள் எண்கள், மனைவியின் எண், வீட்டு முகவரி, ஸ்டாப் போட்ட தேதி, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாய்ஸ்மெயிலின் தேதியும் நேரமும், இனி எந்த எண்ணிலிருந்தும் தொடர்புகொள்ளக் கூடாது என்ற ஒரு வரி. மிரட்டல் வேண்டாம், தேதிகளே போதும்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் சிறு வழக்குகளை விசாரிக்கும் டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே போடலாம். சம்பவம் நடந்து நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. உங்கள் கையில் இருப்பது பதிவுக் குரல் என்பதால், வாங்குபவரா விற்பவரா என்ற வாதம் அவர்களுக்கு அங்கே உதவாது. வாய்ஸ்மெயில்களைப் போனிலிருந்து வெளியே எடுத்து வேறிடத்தில் ஒரு நகல் வைத்துவிடுங்கள், போன் மாற்றும்போது முதலில் போவது அதுதான்.